இ-கேட் திறக்கவில்லையா? மதுரைப் பயணிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு மதுரையில் தெருவுக்கு நாலு உண்டு. பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் அப்பா அம்மா, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்வரும் ஆட்கள் என்று, கோரிப்பாளையத்தில் உள்ள என் சேவை மையத்தில் நாள் முழுக்க அவர்களுக்குத்தான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச காலமாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: இமிகிரேஷன் வரிசையில் நிற்காமல் இ-கேட் வழியாகப் போகலாமாமே, எப்படி?

போகலாம். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் கருவியே சரிபார்த்துத் திறக்கும் தானியங்கிக் கதவுதான் இ-கேட். பதிவு செய்தவர்களுக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் மாட்டிக்கொள்கிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்டின் முன்னால் தெரியவரும் கோளாறின் வேர் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயரை அடித்தபோதே அது விழுந்துவிட்டது. அதனால் கோளாறு வெளியே எப்படித் தெரிகிறதோ, அங்கிருந்து பின்னோக்கிப் போகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நடக்கிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்பைப் படித்தால் போதும். பெயர் பற்றிய பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

"பெருங்குடி ஏர்போர்ட்டில் இ-கேட்டையே காணோம்"

தேடாதீர்கள். ஃபாஸ்ட் ட்ராக் இமிகிரேஷன் – ட்ரஸ்டட் ட்ராவலர் புரோகிராம், சுருக்கமாக எஃப்டிஐ-டிடிபி என்ற நம் நாட்டு நம்பகப் பயணித் திட்டம் 2024 ஜூன் 22-ஆம் தேதி டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு விமான நிலையங்களுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் சேர்ந்தன. மொத்தம் 13. இந்தப் பட்டியல்களில் மதுரை இல்லை.

அப்படியானால் மதுரைக்காரருக்கு இதனால் என்ன பயன்? இமிகிரேஷன் எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. மதுரையிலிருந்து நேராகக் கொழும்புக்கோ துபாய்க்கோ ஏறினால் இமிகிரேஷன் பெருங்குடியிலேயே முடிந்துவிடும். அங்கே கவுன்டர்தான். மதுரையிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடித்தால், இமிகிரேஷன் சென்னையில் அல்லது பெங்களூரில். அங்கே இ-கேட் உண்டு. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி போய்ப் பறக்கிறவர்களுக்கும் உண்டு. திரும்பி வரும்போதும் இதே கணக்குதான்: இந்திய மண்ணில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கே இமிகிரேஷன்.

மதுரை–கொழும்பு மட்டும் போய்வருகிறவர் பதிவு செய்ய அவசரப்பட வேண்டியதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை திருச்சி வழியாகச் சிங்கப்பூர் போகிறவர் இன்றைக்கே செய்துவிடலாம்.

"டிஜியாத்ரா வைத்திருக்கிறேன், ஆனாலும் இமிகிரேஷனில் வரிசையில்தான் நிற்கிறேன்"

இரண்டும் வேறு வேறு. டிஜியாத்ரா விமான நிலையத்தின் வாசலிலும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பும் முகத்தைக் காட்டி உள்ளே போக உதவும் செயலி. அதற்கும் நாட்டின் எல்லையைத் தாண்டுவதற்கும் சம்பந்தமில்லை. எல்லை தாண்டும் இடம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் இமிகிரேஷன் துறையின் பொறுப்பு. அதற்குத்தான் எஃப்டிஐ-டிடிபி. அமெரிக்கா தன் எல்லைக்கு வைத்திருப்பது குளோபல் என்ட்ரி. ஒன்றில் பதிந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

"தளத்தில் நுழையவே முடியவில்லை, ஓடிபி வரவில்லை, பணம் கேட்கிறது"

பணம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். எஃப்டிஐ-டிடிபி கட்டணமில்லாத திட்டமாகத்தான் தொடங்கப்பட்டது. போன மாதம் ஓர் அம்மா வந்தார். ஊரில் ஓர் ஏஜென்ட் "விஐபி இமிகிரேஷன் கார்டு" என்று சொல்லி அவரிடம் ஒரு தொகை வாங்கியிருக்கிறார். விண்ணப்பத்தில் ஏஜென்ட்டின் மொபைல் எண்ணும் ஏஜென்ட்டின் மின்னஞ்சலும் இருந்தன. ஒப்புதல் வந்ததா இல்லையா என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

உலாவியின் மேல் பட்டையில் முகவரி 'எம்எச்ஏ டாட் ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் பயணம் செய்கிறவருடையதாக அல்லது வீட்டில் ஒருவருடையதாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் ஒன்று தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல்லை வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். ஓடிபி வரவில்லை என்றால் முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், அப்புறம் மொபைலில் விளம்பரச் செய்திகளைத் தடுக்கும் டிஎன்டி வடிகட்டியைப் பாருங்கள்.

"பெயர் ஒத்துப்போகவில்லை என்று வருகிறது"

நம் ஊர்க்காரர்களுக்குத் தலையாய கோளாறு இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அப்புறம் நம் பெயர். உலகத்தில் உள்ள இயந்திரங்கள் எல்லாம் சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு நிற்கின்றன. எதை எங்கே போடுவது என்று ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு மாதிரி நாம் போட்டுவைக்கிறோம்.

ஆதாரில் "எஸ். முத்துலட்சுமி". ஓட்டுநர் உரிமத்தில் "முத்துலட்சுமி எஸ்". பாஸ்போர்ட்டில் கிவன் நேமில் "முத்துலட்சுமி", சர்நேமில் "சுந்தரம்". விமான டிக்கெட்டில் பையன் அவசரத்தில் "முத்து லட்சுமி" என்று நடுவில் இடைவெளி விட்டுப் போட்டிருப்பான். நாலும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது.

பாஸ்போர்ட்டை எடுத்துப் புகைப்படம் உள்ள பக்கத்தைத் திறந்து, அடியில் பாருங்கள். இரண்டு வரிகள் நெருக்கமாக, எழுத்தும் எண்ணும் கலந்து, இடையிடையே இடப்பக்கம் திரும்பிய அம்புக்குறி போன்ற அடையாளத்தோடு இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் 'பி', ஓர் அம்புக்குறி, அடுத்து இந்தியாவைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். அதை ஒட்டி வருவது சர்நேம். பிறகு இரண்டு அம்புக்குறிகள் சேர்ந்தாற்போல் வரும். அதற்குப் பின்னால் வருவது கிவன் நேம். இ-கேட் படிக்கிற பெயர் இதுதான். மேலே அழகாக அச்சிட்ட பெயரை அது பார்ப்பதில்லை. விண்ணப்பம் நிரப்பும்போது இந்த வரியைப் பார்த்தே நிரப்புங்கள். ஆதாரையோ மார்க் ஷீட்டையோ பக்கத்தில்கூட வைக்காதீர்கள். பேப்பரை எடுத்து அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்ப்பது என் வழக்கம். 'டிஹெச்' போடும் இடத்தில் வெறும் 'டி', இரட்டை 'ஏ' வரும் இடத்தில் ஒற்றை 'ஏ' எல்லாம் அப்போதுதான் அகப்படும்.

அந்த வரியில் சர்நேம் கட்டமே காலியாக இருந்து ஒரே ஒரு சொல்தான் பெயர் என்றால், கோளாறு எஃப்டிஐ-டிடிபியோடு நிற்காது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பின்னர் விளக்கம் தந்தார்கள். அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, கிவன் நேம் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதையே பெயராக எடுத்துக்கொண்டு வங்கிக் கணக்கு, கல்லூரிச் சான்று என்று எல்லாவற்றிலும் 'எஃப்என்யூ முருகேசன்' என்று சுமந்து திரியும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரே மருந்து பாஸ்போர்ட்டைத் திருத்துவது. ரீஇஷ்யூ விண்ணப்பத்தில் தனிப்பட்ட விவர மாற்றம் என்பதைத் தேர்ந்து, அப்பா பெயரை விரித்துச் சர்நேமாகப் போடலாம். என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'டாகுமென்ட் அட்வைசர்' பகுதியில் உங்கள் விவரத்தைக் கொடுத்தால் சொல்லிவிடும். முதலில் பாஸ்போர்ட், அடுத்து விசா, அதற்கு அடுத்துதான் நம்பகப் பயணித் திட்டம். இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

கல்யாணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே சர்நேமாக இருந்தால் அப்படியே இருக்கலாம். கணவர் பெயருக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. மாற்றுவதாக இருந்தால் பயணத் திட்டம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து மாற்றுங்கள்.

"போட்டோ ஏறவில்லை" அல்லது "கேட் என் முகத்தை ஏற்கவில்லை"

வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, சமீபத்தில் எடுத்த படம், தளம் சொல்லும் அளவுக்குள் கோப்பு. இவ்வளவுதான். ஆனால் நம் ஸ்டுடியோக்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. "அக்கா, கொஞ்சம் க்ளீன் பண்ணிடறேன்" என்று சொல்லி மச்சத்தை அழித்து, முகத்தை வெளுப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். கல்யாண ஆல்பத்துக்கு அது அழகு. இங்கே அது கோளாறு. எடுத்தது எடுத்தபடியே வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேட்டில் நிற்கும்போது கண்ணாடி, தொப்பி, முகக்கவசம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கேமராவை நேராகப் பாருங்கள். தலையைக் குனிந்து கீழே இருக்கும் திரையைப் படித்துக்கொண்டிருந்தால் நெற்றிதான் பதிவாகும். பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்திருக்கிறேனே என்று ஒருவர் கவலைப்பட்டார். முகத்தை ஒப்பிடும் கருவி கண், மூக்கு, வாய், தாடை இவற்றின் அமைப்பைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறது, முடியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அவர் கவுன்டர் பக்கமே போகாமல் கேட் வழியாகவே போய்ச் சேர்ந்தார்.

"ஒப்புதல் வந்துவிட்டது, ஆனால் கேட் 'பதிவு இல்லை' என்கிறது"

கைரேகை, முகப்பதிவு கொடுத்தீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் மாறிவிடும். ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பாதிதான். பயோமெட்ரிக் கொடுத்த பிறகுதான் பதிவு முழுமையாகும். இரண்டு வழி உண்டு. ஒன்று, எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம். நமக்கு அது சென்னையில், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில். இன்னொன்று, இ-கேட் உள்ள விமான நிலையத்தில் பயணத்தின்போதே கொடுப்பது.

இதற்கென்று மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில் ஏறத் தேவையில்லை. முதல் பயணத்தில் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், விமான நிலையத்தில் உள்ள பதிவுக் கவுன்டரில் கொடுத்துவிடுங்கள். அந்த முதல் பயணத்தில் நேரம் மிச்சமாகாது. அடுத்ததிலிருந்து ஆகும்.

"கைரேகை விழவில்லை"

ரேஷன் கடையில் கைரேகை வைத்து, விழாமல், துடைத்து மறுபடி வைத்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க நின்ற அனுபவம் நம் ஊரில் பலருக்கு உண்டு. இங்கேயும் அதே கதைதான். ஒரு நாள் சுங்குடிச் சாயப்பட்டறையில் முப்பது வருடமாக வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வந்தார். மகள் சிங்கப்பூரில். கையை என் மேசை விளக்கின் கீழே நீட்டினார். நகக் கண்ணில் நீலம் ஊறிப்போயிருந்தது, விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி வழவழப்பு. முடிச்சுப் போட்டும் சாயத்தில் நனைத்தும் அலசியும் ரேகை தேய்ந்தே போய்விட்டது.

"தம்பி, இந்தக் கையை வைச்சுக்கிட்டு நான் எப்படிப் போறது?" என்றார்.

"போகலாம்ணே, ஒரு பத்து நாள் குடுங்க" என்றேன்.

ரேகை அடியோடு அழிந்தவர்கள் குறைவு. காய்ந்து, வெடித்து, மேல்தோல் கரடுதட்டியிருப்பதால்தான் கருவிக்குப் பிடிபடாமல் போகிறது. பயோமெட்ரிக்குக்குப் பத்து நாள் முன்பிருந்து ராத்திரி படுக்கும்போது விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சோப்புத்தூள், ப்ளீச்சிங் பவுடர், சாயம், சுண்ணாம்பு, சிமென்ட் இவற்றைத் தொடும் வேலையை முடிந்தவரை ஒதுக்கிவையுங்கள். போகும் நாளில் எண்ணெய் வேண்டாம், வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் துடைத்துவிட்டு, கை ரொம்பக் காய்ந்திருந்தால் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவித் துடையுங்கள். கருவியில் விரலை அழுத்தித் தேய்க்காமல், நுனியை மட்டும் ஊன்றாமல், முதல் கணுவரை தட்டையாக வையுங்கள். அதிகாரி வேறு விரலைக் கேட்டால் பதறாமல் கொடுங்கள். அந்த அண்ணனுக்கு வலக்கை ஆட்காட்டி விரல் கடைசிவரை விழவில்லை. மற்ற விரல்கள் விழுந்தன.

இன்னொரு காரணம் மருதாணி. ஊருக்குப் போகிறோம், விசேஷம் என்று வீட்டுப் பெண்கள் விரல் நுனிக்குத் தொப்பி வைத்த மாதிரி அப்பிக்கொள்வார்கள். உள்ளங்கையில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பயோமெட்ரிக் முடியும்வரை விரல் நுனியை மட்டும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு முயன்றும் ரேகை விழவில்லை என்றால் பதிவு கிடைக்காமல் போகலாம். அதனால் பயணம் எதுவும் தடைப்படாது. எப்போதும்போல் கவுன்டர் வழியாகப் போவீர்கள்.

"பாஸ்போர்ட்டை வைத்தால் கேட் படிக்க மாட்டேன் என்கிறது"

மேலே போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். பத்தில் எட்டுத் தடவை அதோடு சரியாகிவிடும். இல்லையென்றால் புகைப்படப் பக்கத்தின் அடியில் உள்ள அந்த இரண்டு வரிகளில் கீறல், எண்ணெய்க் கறை, விபூதி, குங்குமம் ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து வருவது நம் வழக்கம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. மூடி வைத்தே கும்பிட்டுவிட்டு எடுங்கள். காய்ந்த மெல்லிய துணியால் துடைக்கலாம், ஈரத்துணி கூடாது. பக்கமே பிரிந்தோ நனைந்தோ போயிருந்தால் அது சேதமான பாஸ்போர்ட். கேட்டில் சமாளித்தாலும் வேறு நாட்டில் நிறுத்துவார்கள். மாற்றிவிடுங்கள்.

பாஸ்போர்ட் படித்து, போர்டிங் பாஸ் படிக்காமல் நின்றால், போர்டிங் பாஸ் விமான நிறுவனக் கவுன்டரில் அச்சிட்டதா என்று பாருங்கள். மொபைல் திரையில் வெளிச்சம் குறைந்திருந்தாலும் படிக்காது.

"முதல் கதவு திறந்தது, இரண்டாவது கதவு திறக்கவில்லை"

அசையாமல் நில்லுங்கள். இரண்டு கதவுக்கு நடுவே ஓர் ஆள்தான் இருக்கவேண்டும் என்று கருவி எதிர்பார்க்கிறது. முதுகில் பெரிய பை, இடுப்பில் குழந்தை, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் மனைவி என்று எது இருந்தாலும் இரண்டு பேர் என்று அது எண்ணிக்கொள்ளலாம். பையைக் கீழே வைத்து, தரையில் கால் அடையாளம் இருந்தால் அதில் நின்று மறுபடி பாருங்கள். அப்போதும் திறக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் அதிகாரியைக் கையசைத்துக் கூப்பிடுங்கள், கவுன்டருக்கு அனுப்புவார். உங்கள் மேல் ஏதோ வழக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கணவருக்குத் திறந்து மனைவிக்குத் திறக்காமல், அந்த அம்மா நடுங்கிப்போய் அழுததாக அவர் மகன் சொல்லிக் கேட்டேன். வீட்டுப் பெரியவர்களை அனுப்பும்போது இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்: திறக்கவில்லை என்றால் கவுன்டர், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருந்து, வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், அரசின் இமைகிரேட் தளத்தின் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்கியே ஆகவேண்டும். அந்த அனுமதி இல்லாத குறையை எந்தக் கேட்டும் தீர்த்துவைக்காது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டே கிடைக்கும். சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் சும்மா கிடக்க, ஈசிஆரோடு அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"நேற்றுவரை வேலை செய்தது, இன்று செய்யவில்லை"

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களா? புது பாஸ்போர்ட்டில் எண் மாறிவிடும். பழைய எண்ணோடு பிணைந்த பதிவு அந்த எண்ணோடு போய்விடும். எஃப்டிஐ-டிடிபி பதிவு ஐந்து ஆண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதி, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆகவே பாஸ்போர்ட்டில் ஒரு வருடமே மிச்சம் இருக்கிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு, புது எண்ணில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்கும்போது குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடி இருக்கவேண்டும்.

"சிங்கப்பூரில் இறங்கியதும் குழப்பம்"

அங்கே நம் பதிவு எதுவும் எடுபடாது, தேவையும் இல்லை. சாங்கி விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் முன்பதிவு இல்லாமலே தானியங்கி வழியைப் பயன்படுத்தலாம். ஆனால் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தைப் போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்கவேண்டும். அதில் கொடுக்கும் மின்னஞ்சலுக்குத்தான் எத்தனை நாள் தங்கலாம் என்ற மின்னணு அனுமதி வரும். மகனுடைய மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள் என்றால் மகனிடம்தான் போய்ச்சேரும், பாஸ்போர்ட்டில் முத்திரையைத் தேடிப் பயனில்லை. மலேசியாவுக்கும் இப்படி ஒரு டிஜிட்டல் கார்டு உண்டு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

"குளோபல் என்ட்ரி விண்ணப்பம் நகரவே இல்லை"

2017 முதல் இந்தியக் குடிமக்களும் இதில் சேரலாம். கட்டணம் 2024 அக்டோபர் முதல் 120 டாலர், நிராகரித்தாலும் திரும்பி வராது. ஐந்து ஆண்டு செல்லும். பெற்றோர் உறுப்பினராக இருந்தால் 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேரனைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறவர்களுக்குக் காசுக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைச் சீக்கிரம் முடிக்க உதவும் டிஎஸ்ஏ ப்ரீசெக் வசதியும் இதோடு சேர்ந்தே வருகிறது.

நகராமல் நிற்பதற்கு முக்கியக் காரணம், இந்தியர்களுக்கு இங்கே இன்னொரு படி இருக்கிறது என்பது தெரியாதது. அமெரிக்கத் தளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டுவதோடு, நம் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'குளோபல் என்ட்ரி புரோகிராமுக்கான பின்னணிச் சரிபார்ப்பு' என்ற தனி விண்ணப்பத்தையும் போடவேண்டும். அதற்கும் நேரம் பதிந்து பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போகவேண்டும். அடுத்து போலீஸ் வெரிஃபிகேஷன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் 'விண்ணப்பதாரர் இல்லை' என்று போய்விடும், பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டில் சிம்மக்கல் பழைய வீட்டு முகவரி, இப்போது இருப்பது ஊமச்சிகுளம் என்றால் அறிக்கை எப்படிச் சரியாக வரும்? தற்போதைய முகவரியைக் கொடுத்து, அதற்கான சான்றையும் வைத்து, அந்த இரண்டு வாரமாவது ஊரில் இருங்கள்.

"நிபந்தனை ஒப்புதல் வந்துவிட்டது, நேர்காணலுக்குத் தேதியே கிடைக்கவில்லை"

குளோபல் என்ட்ரியில் நிபந்தனை ஒப்புதலுக்குப் பிறகு அதிகாரியிடம் ஒரு நேர்காணல் உண்டு. அதன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் வந்திறங்கும்போதே நேர்காணலை முடிக்கும் 'என்ரோல்மென்ட் ஆன் அரைவல்' வசதி பல விமான நிலையங்களில் உண்டு. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற இன்னோர் அடையாள அட்டை, விசா எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அமெரிக்க இமிகிரேஷன் அபுதாபியிலேயே நடக்கும், 2014 முதல் அப்படித்தான். அங்கே இறங்கி ஏறும் இடைவெளியை நெருக்கமாக வைத்து டிக்கெட் போடாதீர்கள்.

போர்டிங் பாஸில் ப்ரீசெக் அடையாளம் வரவில்லை என்றால், பெரும்பாலும் உறுப்பினர் எண்ணை டிக்கெட்டில் 'நோன் ட்ராவலர்' கட்டத்தில் போடவில்லை என்று பொருள். விமான நிறுவனத் தளத்தில் நுழைந்து போட்டுவிட்டு, போர்டிங் பாஸை மறுபடி எடுங்கள். புது பாஸ்போர்ட் வாங்கியதும் குளோபல் என்ட்ரி கணக்கிலும் எண்ணை மாற்றுங்கள். செல்லுபடியாகும் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

"என் குளோபல் என்ட்ரியை ரத்து செய்துவிட்டார்கள்"

பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்பேன். கிட்டத்தட்ட எப்போதும் கறிவேப்பிலைதான். பிள்ளைக்கு அங்கே நல்ல கறிவேப்பிலை கிடைக்காது என்று அம்மா செய்தித்தாளில் சுற்றி, புடவை மடிப்புக்குள் வைத்து அனுப்பியிருப்பார். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடுவதில்லை. உப்புக்கண்டம் கூடாது, புதுப் பழங்களும் கூடாது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தைக்கூடச் சொல்லிக் காட்டவேண்டும்.

கொண்டுபோனதை மறைத்தால்தான் ஆபத்து. சொன்னால், அதிகபட்சம் எடுத்துவைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் அபராதம், கூடவே உறுப்பினர் தகுதியும் போகலாம். சுங்க விதியை மீறியவர் என்ற பதிவு நின்றுவிட்டால் அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் அது வந்து நிற்கும். நம்பகப் பயணி என்று பெயர் வாங்கியவரிடம் மற்றவர்களைவிடக் கூடுதல் கண்டிப்பு இருக்கும்.

ஆகவே பெட்டி கட்டும்போது ஒரு தாளை எடுத்து, உள்ளே போகும் தின்பண்டத்தை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: மாங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, அப்பளம், வத்தல், முறுக்கு. அந்தத் தாள் கைப்பையில் இருக்கட்டும். "சாப்பாட்டுப் பொருள் ஏதாவது?" என்று அதிகாரி கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லி அந்தத் தாளை நீட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாக்களுக்கு நான் அதை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்து அனுப்புகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. கறிவேப்பிலையை மட்டும் வறுத்து அரைத்துப் பொடியில் கலந்துவிடச் சொல்கிறேன்.